ஆப்பிரிக்காவுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்த்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். இந்த வருஷம் வெயில் காலம் முழுக்க எங்கள் கோச்சடை வீட்டு ஜன்னல் கம்பிகள் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம், ஆப்பிரிக்கா.

திருமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் எடுத்தேன். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரியது, ஆசிய யானைக்குக் காது சிறியது என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் படம் போட்டேன். 'வேறுபடுத்துக' என்று பரீட்சையில் கேள்வி கேட்டு, பிள்ளைகள் எழுதியதைத் திருத்தி மார்க்கும் போட்டேன். நான் பார்த்ததென்னவோ கோயில் யானை மட்டும்தான். காதை ஆட்டிக்கொண்டு, காலில் சங்கிலியோடு, தும்பிக்கையால் தலையில் தட்டுமே, அது. பார்க்காத ஒன்றைப் பார்த்த மாதிரி இத்தனை வருஷம் பாடம் நடத்திவிட்டோமே என்று ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது நினைத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெரிய காதை அதன் சொந்த ஊரில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

தேடித் தேடிக் கடைசியில் கென்யாவில் ஒரு விடுதியைப் பிடித்தேன். ஆற்றங்கரையில் மரத்தூண்கள் மேல் நிற்கிற கூடாரம். கூடாரம் என்றால் நம் ஊர்க் கல்யாணப் பந்தலை நினைக்காதீர்கள். உள்ளே பெரிய கட்டில், வெள்ளை வெளேரென்று கொசுவலை, வெட்டவெளியைப் பார்த்தபடி ஒரு குளியல் தொட்டி. முன்னால் பலகை போட்ட தளம், அதில் இரண்டு நாற்காலி. ஆற்றுக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும், நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். விடிகிற நேரத்தில் ஓர் ஆள் வந்து வாசலில் குரல் கொடுத்து டீ வைத்துவிட்டுப் போவார். இந்த டீ சமாசாரத்தைப் படித்ததும்தான் நான் அடியோடு விழுந்தேன். கல்யாணமான நாளிலிருந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாள் நீங்கலாக, காலையில் எனக்கு யாரும் டீ கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சொகுசான எடம்? சாதாரணமாப் போனாப் பத்தாதா?" என்று கேட்காத ஆளில்லை. எனக்கு முட்டி வலி. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைய முடியாது. நான் உட்கார்ந்த இடத்துக்கு யானை வரவேண்டும், அதற்குத்தான் சொகுசு. பணமும் என் ஓய்வூதியப் பணம். வாத்தியார் வேலை பார்த்தவள் என்றால் ஆசையைக்கூடச் சிக்கனமாகத்தான் படவேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? "நம்மூர்ல இல்லாத யானையா?" என்றார்கள். "சிங்கம் அடிச்சுப்புடும்" என்றார்கள். "அம்புட்டுத் தூரம் போறதுக்கு ராமேஸ்வரம் போனாப் புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்றார்கள். நான் அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போனபிறகு ஜன்னல் கம்பியைத் துடைத்தேன்.

டிராவல்ஸ் ஆபீஸில் இன்னொரு கூத்து. டவுனில் ஒரு மாடியில் இருந்த ஆபீஸ் அது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சார் நம்பர் குடுங்க மேடம், சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றான்.

"எந்த சார்கிட்ட?"

"உங்க வீட்டு சார்கிட்ட மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தம்பி, போகணும்னு சொல்றது நான். பணம் கட்டப் போறது நான். பாஸ்போர்ட்ட நீட்டிக்கிட்டு உன் முன்னால உக்காந்திருக்கிறதும் நான். சார் கூட வாராரு. அம்புட்டுத்தான்" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவனும் விடவில்லை. சிங்கப்பூர், மலேசியா குழுவாகப் போகலாம், நம்ம ஊர்ச் சமையல்காரர் கூடவே வருவார், மூன்று வேளையும் சாம்பார் கிடைக்கும் என்றான். வாழ்நாளெல்லாம் சாம்பார் வைத்தவளிடம் போய் சாம்பாரைக் காட்டி ஆசை மூட்டுகிறானே என்று ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் நல்ல பிள்ளையாக ஆப்பிரிக்கா விவரங்களை எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேருக்கு இடம் போட்டுவைத்தான். முன்பணம் மட்டும் கட்டவேண்டும்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரி வைத்திருக்கிறார், மோட்டாருக்கு ரப்பர் வாஷர் செய்கிறது. நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் பேர். குடி கிடையாது, கைநீட்டினது கிடையாது. நான் எதைக் கேட்டாலும் 'வேண்டாம்' என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்தது கிடையாது. இந்த ஒன்றுக்காகவே என்னைக் கொடுத்துவைத்தவள் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஃபோனில் அந்த இரண்டு நாற்காலிப் படத்தைக் காட்டியபோதும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு. போவோம்" என்றார். அப்புறம் வழக்கம்போல, "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இவர்கள் குலசாமி கோயில் இருக்கிறது. பெண் எடுப்பது, கொடுப்பது, தண்ணிக்குப் போர் போடுவது, வீடு வாங்குவது என்று எதுவானாலும் அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்த்துத்தான் செய்வார்கள். இரண்டு வாழையிலைத் துண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, பூசாரி கையில் கொடுத்தால் சாமி காலடியில் வைப்பார். யார் உத்தரவு கேட்கிறார்களோ அவர்களே ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அதை அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பூவைக் கட்டுவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. மருமகள் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் கட்டுகிறவர் என் கணவரின் அக்கா, எனக்கு மதினி.

இதில் எனக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. எனக்குக் கைராசி கிடையாது. என் கணவர் ஃபேக்டரி இடத்துக்குக் கேட்டார், வெள்ளை. புது மெஷினுக்குக் கேட்டார், வெள்ளை. எனக்குத் திண்டுக்கல் பக்கம் தலைமையாசிரியை வேலை வந்தது. கேட்டேன், சிவப்பு. அழுதுகொண்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிறகு என் மகளுக்கு டெல்லியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்காக நான்தான் எடுத்தேன், சிவப்பு. அவளுக்கு அப்போது பதினேழு வயது. வீட்டுக்குள் நுழைந்ததும், "உங்க கையால எடுக்காம இருந்திருக்கலாம்மா" என்றாள். அதிலிருந்து ரொம்ப காலம் என் வலது கையைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. சாமி மேல் வருத்தம் இருந்தது. என் கை மேல் வெறுப்பு இருந்தது. இவர் மேல் மட்டும் ஒன்றும் இருந்ததில்லை, இவர்தான் எதற்குமே வேண்டாம் என்று சொன்னதில்லையே!

ஆப்பிரிக்காவுக்குப் பூக்கட்டப் போவதற்கு முந்தின வாரம் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே காட்டுக்குள் அடர்ந்த நிறம் உடுத்தக்கூடாது, ஒரு மாதிரி ஈ வந்து கடிக்கும் என்று படித்துவிட்டு நான் மண் நிறத்தில் இரண்டு சுடிதார் தைத்து வைத்திருந்தேன். அதை எடுத்துக் கட்டிலில் விரித்துப் பார்த்தார்.

"என்னத்தா இது, போலீஸ்காரி சட்டை மாதிரி? இதப் போட்டுக்கிட்டா தம்பி கூட நடக்கப்போற?"

"ஆமா மதினி. யானை ஒண்ணும் சொல்லாது."

"யானை சொல்லாது. ஊரு சொல்லும்ல."

"ஊரு அங்க வராது மதினி. அதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் போறேன்."

அவர் வாயைக் கோணிக்கொண்டு, "எதுக்கும் சாமி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரில் போனோம். முன்னால் இவரும் மதினியும், பின்னால் நானும் அர்ச்சனைத் தட்டும். மதினி பொட்டலங்களை வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார். கோயிலில் எங்களைத் தவிர ஆளில்லை. நல்ல வெயில். மேயவிட்ட ஆடுகள் நாலைந்து நிழலுக்காக வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றன. பூசாரி சூடம் காட்டிவிட்டு, "நல்லா நெனச்சுக்கிட்டு எடுங்கம்மா" என்றார்.

நான் நன்றாகத்தான் நினைத்தேன். அந்த ஆற்றை, பெரிய காதை, டீ கொண்டுவருகிற ஆளை, இரண்டு நாற்காலியை, எல்லாவற்றையும் நினைத்தேன். என் கைராசியை ஏமாற்றுவதற்காக இந்தத் தடவை இடது கையை நீட்டினேன். "சோத்தாங்கையில எடு" என்று மதினி அதட்டினார். வலது கையால் எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

"சாமி வேண்டாங்குது" என்றார் என் கணவர். முகத்தில் ரொம்ப வருத்தம். "போகட்டும் விடு. அடுத்த வருசம் பாப்போம்."

மதினி மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன், மனதுக்குள்ளேதான். அப்போது ஒரு வெள்ளாடு அந்தப் பொட்டலத்தை முகர்ந்தது. பச்சை வாழையிலை, அதுவும் இந்த வெயிலில், விடுமா? நாரோடு சேர்த்து இழுத்து இலையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. உள்ளே இருந்த பூவை மட்டும் உதறிக் கீழே தள்ளியது. ஆடு அரளியைத் தின்னாது. விஷம். பத்தாம் வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தரையில் கிடந்தது செவ்வரளி.

நான் எழுந்து போனேன். ஆட்டை விரட்டினேன். பூவைக் கையில் எடுத்தேன். ஒரு கொத்து, மூன்று பூ, அன்றைக்குப் பறித்த புதுப் பூ. பூசாரி கையில் விரித்தபடி இருந்த பொட்டலத்திலும் அதே பூ. அவர் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, குடுக்கிறத வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாவம், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் கணவர் காரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ரெண்டு பொட்டலத்திலும் சிவப்பு என்றால் ஒரு மனுஷன் திகைக்க வேண்டாமா? 'என்னக்கா இது' என்று கேட்க வேண்டாமா? சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்!

"என்ன மதினி இது?"

மதினி அசரவே இல்லை. "என்னத்த என்ன? தம்பிக்கு இஷ்டமில்ல. மொதல்லயே ஃபோன் போட்டுச் சொல்லிருச்சு. நேராச் சொன்னா நீ கோவிச்சுக்குவ. வீட்ல சண்ட வரும். சாமி பேரச் சொன்னா ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு. உன் நல்லதுக்குத்தான் புள்ள."

"ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்லையா? எனக்கு?"

"சாமி சொன்னா நீ கேட்டுக்குவேல்ல, இம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

இம்புட்டு நாளும். அந்த வார்த்தையை அவர் தெரியாமல்தான் விட்டார். சொன்னபிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

மதினியை அங்கிருந்த பங்காளி வீட்டில் இறக்கிவிட்டுவிட்டுக் காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தோம். நான் முன் ஸீட்டுக்கு மாறிக்கொண்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் எனக்கு.

"ஆப்பிரிக்கா கெடக்கட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்ட்டு வந்துச்சே, அன்னைக்கும் இதேதானா?"

அவர் கியரை மாற்றினார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். திருமங்கலம் வரப்போகிறபோது, "அப்பப் பாப்பா சின்னப் பிள்ளைல்ல. நீ பாட்டுக்குப் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

"டெல்லி?"

"பொம்பளப் பிள்ளை. அம்புட்டுத் தூரத்துல…"

"நிறுத்துங்க வண்டிய."

நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் இல்லை அது, வேறு எங்கிருந்தோ வந்தது. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லையா? நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் உங்ககிட்டச் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒரு தடவையாச்சும் ஜெயிச்சிருப்பேன். சாமிகிட்ட எப்படிங்க சண்டை போடுறது? என் கையையே நான் வெறுத்துக்கிட்டு இருந்தேனே, அதையும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? நல்ல மனுஷன்னு பேரு வேற!"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "அங்க வந்து நான் என்னத்தப் பண்ண?" என்றார். "உனக்கு இங்கிலீஷ் வரும், எல்லார்ட்டயும் பேசுவ. நான் பொம்மை மாதிரி நிக்கணும். ஒரு டீ வேணும்னாக்கூட உன்னையத்தான் கேக்கணும்."

"இங்க மட்டும் யாரைக் கேக்குறீங்களாம்?"

அவர் வண்டியை எடுத்தார்.

பெங்களூரில் இருக்கிற மகளுக்கு அன்றைக்குச் சாயந்தரமே ஃபோன் போட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். எதற்கு மறைக்க வேண்டும்? மறைத்தது எல்லாம் போதாதா? ஆட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் சேந்திருக்கலாமாம்மா?" என்று கேட்டாள். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. குரல் மட்டும் பதினேழு வயசுக் குரல். "சேந்திருக்கலாம்டா" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும், "உங்க கை மேல பழி போட்டேனேம்மா" என்றாள். நான் அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அவள் அப்பாவைத்தான் மன்னிக்க வரவில்லை.

மறுநாள் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போய் ஒருத்திக்கு மட்டும் பணம் கட்டினேன்.

"சார் வரலையா மேடம்?" என்றான் அந்தத் தம்பி.

"சாருக்கு உத்தரவு கெடைக்கல" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்றாலும் தலையாட்டினான். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு வரை இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம், கூடாரம் இரண்டு பேருக்கானதுதான் என்றும் சொல்லிவைத்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. தனியாகவே பஸ்ஸில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். கையில் கொஞ்சம் வலி இருந்தது, காய்ச்சல் வரவில்லை.

அதன்பின் வீட்டில் என்ன நடந்தது என்கிறீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். காலை டீயை மட்டும் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கடையில் குடித்தார். மூன்றாம் நாள் அவரே அடுப்பைப் பற்றவைத்துப் போட்டுக்கொண்டார். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. நான் துடைக்கவில்லை. அவரே துடைத்தார். நன்றாகவே துடைக்கத் தெரிந்திருக்கிறது.

போன மாசம் ஒரு காலையில் ஃபேக்டரிக்குக் கிளம்பி, செருப்பையும் மாட்டிவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன?" என்றேன்.

"நானும் வாரேன்" என்றார். "ஊசி போட்டுக்கிறேன். எடம் இருக்கான்னு அந்தத் தம்பிகிட்டக் கேட்டேன், இருக்காம்."

ஒரு நிமிஷம் என் மனசு இளகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டாவது நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் மறுநிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஒரு மன்னிப்பு உண்டா? நான் செய்தது தப்பு என்று ஒரு சொல் உண்டா? நானும் வாரேன், அவ்வளவுதான்!

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நான் கொல்லைக்குப் போனேன். எங்கள் வீட்டில் நந்தியாவட்டைச் செடி உண்டு, பக்கத்து வீட்டு அரளி எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம்தான் பூக்கும். அடுப்படியில் உட்கார்ந்து, வாழையிலையைக் கிழித்து, இரண்டு பொட்டலம் கட்டினேன். மருமகள் தொடக்கூடாதாம். தொட்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. சாமி சத்தியமாக அப்படித்தான் கட்டினேன். வெள்ளை வந்தால் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்துவிட்டுத்தான் கட்டினேன். எனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காத நியாயத்தை அவருக்கு நான் கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் இரண்டையும் வைத்து, "சோத்தாங்கையில எடுங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு இடப்பக்கம் இருந்ததை எடுத்தார். நாரை அவிழ்க்காமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் செவப்புத்தான?"

"பிரிச்சுப் பாருங்க."

"எனக்குத் தெரியும்."

"பிரிங்க. உங்க கையாலதான எடுத்தீங்க?"

அவர் பிரிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். "நீயே போயிட்டு வா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு கப்பலூருக்குப் போய்விட்டார்.

நான் அவர் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தேன். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று, கொஞ்சம்கூட வாடாமல் இருந்தது.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். தெருமுனைக்குக்கூடப் போயிருக்க மாட்டார். நான் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்துவிட்டு, தான் செய்ததையே நானும் செய்வேன் என்று நினைக்கிற மனுஷனிடம் பூவைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு என்ன தலையெழுத்து? இன்றைக்கு வரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். விடுதிக்குக் கூட்டிப்போகிற குட்டி விமானத்தில் பெட்டி ஏற்ற மாட்டார்களாம், துணிப்பைதான். மண் நிறச் சுடிதார் இரண்டையும் மடித்து வைத்துவிட்டேன். இன்னொரு நாற்காலியில் பையை வைத்துக்கொள்வேன்.